மரு உதிரும், வைரஸ் தங்கும்

கொரியப் போர்முனையிலிருந்து அமெரிக்கப் படைவீரர்கள் வீடு திரும்பிய சில வாரங்களில் அவர்களுடைய மனைவியருக்குப் பிறப்புறுப்பில் மருக்கள் முளைத்தன. அந்த ஆண்கள் அயல்நாட்டில் வேறு பெண்களோடு உறவு கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் மரு இருந்தது, அல்லது வந்து மறைந்திருந்தது. பேரட், சில்பார், மெக்கின்லி என்ற மூன்று மருத்துவர்கள் இந்தத் தொடர்பைக் கவனித்து 1954-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். வெட்டை நோயின் சீழ் பட்டுத் தோல் உறுத்துவதால்தான் இந்த மரு வருகிறது என்று அதுவரை நம்பிய மருத்துவர்கள் உண்டு. மருக்களுக்கு வைரஸ்தான் காரணம் என்பதை இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சியூஃபோ 1907-லேயே காட்டிவிட்டார். மருவை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரைத் தோலில் ஏற்றியபோது புது மரு முளைத்தது. ஆனால் பிறப்புறுப்பில் வருவது உடலுறவால் பரவுவது என்பது ஐயமறத் தெளிவாக அந்தப் படைவீரர்களின் மனைவியர் தேவைப்பட்டார்கள்.

கணவர் திரும்பியதற்கும் மனைவிக்கு மரு தெரிந்ததற்கும் இடையே சுமார் 4 முதல் 6 வாரம் ஆகியிருந்தது. தொற்றிய பிறகு மரு கண்ணுக்குத் தெரிய 3 வாரம் முதல் 8 மாதம் வரை ஆகலாம் என்பது இன்றைய கணக்கு. பெரும்பாலோருக்கு 2, 3 மாதம். சிலருக்கு அதற்கும் மேலே. தொற்றியவர்களில் பலருக்கு மரு வருவதே இல்லை, ஆனாலும் அவர்களிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். நம் ஊரில் மணமான ஒருவருக்கு இந்த மரு வந்தால் வீட்டுக்குள் முதலில் எழும் கேள்வி "இது யாரால வந்துச்சு?" என்பதுதான். குணமாவது எப்படி என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. முதல் கேள்விக்கு எந்த ரத்தப் பரிசோதனையும் விடை சொல்லாது. மரு முதலில் யாருக்குத் தெரிந்தது என்பதை வைத்து, வைரஸ் முதலில் யாரிடம் இருந்தது என்று சொல்ல முடியாது. திருமணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு தொற்றி, ஒரு தடயமும் காட்டாமல் இருந்துவிட்டு, இப்போது வெளிப்பட்டதாகவும் இருக்கலாம். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பலர் மருத்துவரிடம் போகாமல் மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். மறைத்த மாதங்களில் மரு பெருகிச் சிகிச்சை கடினமாகிறது.

மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., ஒரே வைரஸ் அல்ல. 200-க்கும் மேற்பட்ட வகைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கையிலும் காலிலும் மரு உண்டாக்குபவை தனி. பிறப்புறுப்புப் பகுதியில் தொற்றும் சுமார் 40 வகைகள் தனி. பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்கு 6, 11 என்ற இரண்டு வகைகளே காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ட்ஸூர் ஹவுசனின் ஆய்வுக்குழு 1980 வாக்கில் 6-ஆம் வகையை இந்த மருவிலிருந்துதான் பிரித்தெடுத்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸை. மரு வைரஸின் டி.என்.ஏ.வைத் துணையாக வைத்துத் தொடர்ந்து தேடியதில் 16, 18 ஆகிய வகைகள் 1983, 1984 ஆண்டுகளில் புற்றுக்கட்டிகளில் அகப்பட்டன. அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மரு வந்தவர்களை வாட்டும் பெரிய அச்சமும் இங்கேதான் இருக்கிறது: இது புற்றுநோயாகுமா? 6, 11 வகைகள் புற்றாவது மிக அரிது. ஒரே உடலில் 6-உம் 16-உம் சேர்ந்து இருக்கலாம் என்பதால், பெண்கள் தங்கள் வயதுக்குரிய கருப்பைவாய்ப் பரிசோதனையை விடாமல் செய்துகொள்ள வேண்டும். மரு வந்ததற்காக அதைவிடக் கூடுதலாக எதுவும் தேவையில்லை.

சிகிச்சைகளைப் புரிந்துகொள்ள, இந்த வைரஸ் தோலுக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உராய்வில் ஏற்படும், கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அது தோலின் அடி அடுக்கை அடைகிறது. அந்த அடுக்கின் செல்கள்தான் ஓயாமல் பிரிந்து மேலே புதுத்தோலை அனுப்புகின்றன. வைரஸ் அங்கே சில பிரதிகளோடு அடங்கி இருக்கிறது. செல் மேலேறி முதிரும்போதுதான் பெருகத் தொடங்குகிறது. உதிரப்போகும் செதில்களில் நிறைந்து, செதிலோடு செதிலாக வெளியேறுகிறது. அது எந்தச் செல்லையும் வெடிக்கச் செய்வதில்லை. ரத்தத்தில் கலப்பதில்லை. காய்ச்சலோ வீக்கமோ தருவதில்லை. ஆகவே உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இப்படி ஒரு அந்நியன் உள்ளே இருப்பது மாதக்கணக்கில் தெரிவதே இல்லை.

அக்கிக்கும் உதட்டுக் கொப்புளத்துக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள். அந்த ஹெர்பிஸ் வகை வைரஸ்கள் தங்கள் டி.என்.ஏ.வை நகலெடுக்கச் சொந்த நொதியைச் செய்துகொள்கின்றன. அசைக்ளோவிர் போன்ற மருந்து அந்த நொதியை முடக்குகிறது. எச்.பி.வி.யின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 8,000 எழுத்துகள் மட்டுமே கொண்டது. நகலெடுக்கும் நொதி அதனிடம் கிடையாது. நம் செல்லின் நொதியையே எடுத்துக்கொள்கிறது. அதை முடக்கினால் நம்மையே முடக்கியதாகும். வைரஸை மட்டும் குறிவைத்துக் கொல்லும் மருந்து இதனால்தான் இன்றுவரை கைக்கு வரவில்லை. இருக்கிற சிகிச்சைகள் எல்லாம் ஒன்று மருவை அழிப்பவை, அல்லது உடலின் எதிர்ப்பைத் தட்டி எழுப்புபவை.

மேலே அரிந்துவிட்டால் அருகம்புல் போய்விட்டது என்று யாரும் நினைப்பதில்லை. வேர்த்தண்டு மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கனடாவின் மருத்துவர் அலெக்ஸ் ஃபெரென்சியும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தோலில் காட்டியது. லேசரால் மருவை எடுத்தவர்களில், மருவைச் சுற்றியிருந்த பார்வைக்கு நலமான தோலிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைரஸின் டி.என்.ஏ. இருந்தது. மரு மீண்டும் வந்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. சிகிச்சை எதுவானாலும் நான்கில் ஒருவருக்காவது மரு திரும்புகிறது, அதுவும் முதல் 3 மாதத்துக்குள் திரும்புகிறது என்றால், காரணம் மருத்துவரின் கைப்பிழையோ துணைவரின் துரோகமோ ஆக இருக்க வேண்டியதில்லை. அடியில் இருந்தது மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிகிச்சைக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: கண்ணில் படும் மேடெல்லாம் மரு அல்ல. ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி முத்துக்கோவைபோல வரிசையாக இருக்கும் சிறு பருக்கள் இயல்பானவை. பல இளைஞர்களுக்கு உண்டு, அவற்றுக்குச் சிகிச்சையே வேண்டாம். பெண்களின் உள்ளிதழில் இருக்கும் மென்மையான சிறு நீட்சிகளும் மஞ்சள் நிற எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகளும் அப்படியே. மறுபக்கம், சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்தில் வரும் ஈரமான தட்டைத் தடிப்புகள் மருவைப் போலவே தோன்றும். அதற்கு வேண்டியது பென்சிலின். அதைச் சுட்டுவிட்டு அனுப்பினால் நோய் உள்ளே வளரும். அதனால்தான் மருவோடு போகிறவருக்குச் சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் செய்கிறார்கள். கறுத்த, கெட்டியான, புண்ணாகி ரத்தம் கசியும் மருவிலிருந்தும், சிகிச்சைக்கு அசையாத மருவிலிருந்தும் சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள். காலிஃபிளவர்போல் வளர்ந்து சுற்றியுள்ள தசையைத் தின்னும் ராட்சத மரு ஒன்றும் உண்டு. புஷ்கே, லோவன்ஸ்டைன் என்ற இரு ஜெர்மன் மருத்துவர்களின் பெயரால் அழைக்கப்படும் அது, அறுவை அரங்குக்கு உரியது.

ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைத் தேர்வுதான். ஆய்வுகளில் வெற்று மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், சில மாதங்களில் மரு தானாக மறைந்திருக்கிறது. மறைந்துகொண்டிருக்கும் மருவை நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் திரளாகப் புகுந்திருப்பது தெரியும். உடல் ஒருவழியாக வைரஸைக் கண்டுகொண்டது என்று பொருள். சிறிய மரு, உறுத்தல் இல்லை, மனம் பதறவில்லை என்றால் சில மாதம் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு நாளைக் கழிக்க முடிவதில்லை. அந்தத் தவிப்பே சிகிச்சை தொடங்கப் போதுமான காரணம்.

மருந்துகளில் மூத்தது ஒரு செடியின் வேர்த்தண்டிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் 'மே ஆப்பிள்' என்று ஒரு சிறு செடி உண்டு. அங்குள்ள பூர்வகுடிகள் அதன் கிழங்கைப் பேதி மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து எடுக்கும் பழுப்பு நிறப் பிசினுக்குப் போடோஃபைலின் என்று பெயர். 1942-இல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் கப்லான், எண்ணெயில் 25 சதவீதம் கலந்த இந்தப் பிசினை மருவில் தடவினால் அது சில நாளில் சுருங்கி உதிர்கிறது என்று எழுதினார். போர்க்காலம், படைமுகாம்களில் மரு பெருகியிருந்த நேரம், மருந்து வேகமாகப் பரவியது. அதே குடும்பத்தின் இன்னொரு செடி நம் இமயமலைச் சரிவுகளில் வளர்கிறது. அதில் மூலப்பொருள் அமெரிக்கச் செடியைவிடப் பல மடங்கு அதிகம். அதற்காகவே கிழங்கோடு பிடுங்கப்பட்டு, இன்று அழிவின் விளிம்பைத் தொட்டு, அதன் வணிகம் 1990 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

அந்தப் பிசினின் சாரம் போடோஃபைலோடாக்சின். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிய இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்படுகின்றன. இந்த மருந்து டியூபுலினைப் பற்றிக்கொள்வதால் இழை உருவாகாது, செல் பாதிப் பிரிவில் நின்று மடிகிறது. மருவின் செல்கள் வைரஸின் தூண்டுதலால் வேகமாகப் பிரிபவை, ஆகவே அடி அங்கே பலமாக விழுகிறது. இதே மூலக்கூறைத் திருத்தி அமைத்ததுதான் எடோபோசைட் என்ற புற்றுநோய் மருந்து. நுரையீரல், விதைப்பைப் புற்றுகளுக்கு இன்றும் தருகிறார்கள்.

பிசினில் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு தயாரிப்பிலும் அதன் வீரியம் மாறும். பரந்த இடத்தில் தடவினால் ரத்தத்தில் ஏறி நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. எனவே மருத்துவர் கையால் மட்டுமே தடவ வேண்டும். நம் நாட்டின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வழிகாட்டி இதை விளக்கமாகச் சொல்கிறது: சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் பூசிக் காப்பு, மருவின் மேல் மட்டும் 20 சதவீதக் கரைசல், 3 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் 2021 வழிகாட்டி பிசினைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டது. தூய்மைப்படுத்திய 0.5 சதவீதப் போடோஃபைலோடாக்சின் கிடைக்கும் இடத்தில் பிசினுக்கு வேலை இல்லை என்பதே என் கருத்தும். இதை நோயாளியே வீட்டில் தடவிக்கொள்ளலாம்: காலை, மாலை என 3 நாள், பிறகு 4 நாள் ஓய்வு, இப்படி அதிகபட்சம் 4 சுற்று. ஈரப்பாங்கான இடத்தில் இருக்கும் மெத்தென்ற மருவுக்கு நன்றாகக் கேட்கும். தோல் தடித்த உலர்ந்த மருவுக்குள் அவ்வளவாக இறங்காது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கூடாது.

அமிலம் வேறு வழியில் வேலை செய்கிறது. 80 முதல் 90 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைப் பல்குச்சி போன்ற மெல்லிய குச்சியால் மருவின் தலையில் தொட்டு வைத்தால், புரதம் கட்டியாகி அந்த இடம் சில நொடியில் வெண்பனிபோல் வெளுக்கும். தண்ணீரைப்போல் நீர்த்து ஓடுவதால் கவனமில்லாவிட்டால் பக்கத்துத் தோலும் வெந்துவிடும். கூடுதலாகப் பட்டால் சமையல் சோடாவோ சோப்பு நீரோ அதை அடக்கும். வாரம் ஒருமுறை போய் வர வேண்டும். ரத்தத்தில் சேராது என்பதால் கர்ப்பிணிகளுக்கும் தரலாம். விலையும் குறைவு.

உறைய வைக்கும் சிகிச்சைக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். கழித்தல் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் அந்தத் திரவத்தைத்தான் கால்நடை மருத்துவமனைகளில் சினை ஊசிக்கான காளை விந்தைக் காக்கவும் பயன்படுத்துகிறார்கள். மருவின் மேல் பீய்ச்சியதும் செல்லுக்குள் பனிப் படிகங்கள் உண்டாகிச் சவ்வைக் கிழிக்கின்றன. உருகும்போது இன்னும் சேதம். ஒரு கொப்புளம், சில நாள் எரிச்சல், பிறகு உதிர்வு. வாரம் ஒருமுறை அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வார்கள். வெளிநாட்டுப் பாடநூல்கள் இதில் போகிற போக்கில் சொல்லிவிடும் ஒரு விஷயம் நமக்கு முக்கியமானது. தோல் செல் சாகப் பல பத்து டிகிரி குளிர் வேண்டும். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனோசைட்டோ சுழியத்துக்குக் கீழே 4, 5 டிகிரியிலேயே சாகத் தொடங்கிவிடும். ஆகவே நம் போன்ற கருந்தோலில் உறைசிகிச்சைக்குப் பின் வெள்ளைத் தழும்பு நிற்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மாதங்கள் போக நிறம் திரும்பும், சிலருக்கு நிலைத்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் செய்துவிட்டால் நோயாளி வெண்குஷ்டம் வந்துவிட்டதாகப் பயந்துபோவார்.

வெட்டியெடுப்பது, சுரண்டுவது, மின்சூட்டால் சுடுவது, கரியமிலவாயு லேசரால் ஆவியாக்குவது ஆகியவற்றுக்கு ஒரே மேன்மை உண்டு: மரு அன்றைக்கே போய்விடும். நிறைய மரு, பெரிய மரு, மலவாய்க்குள் இருக்கும் மரு என்றால் இதுவே நல்லது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். சுடும்போது எழும் புகையில் வைரஸின் டி.என்.ஏ. இருப்பது தெரிந்ததே. மலவாய் மருக்களுக்கு லேசர் சிகிச்சை செய்துவந்த ஒரு மருத்துவருக்குக் குரல்வளையில் 6, 11 வகை மரு வந்ததாக 1991-இல் நார்வேயிலிருந்து எழுதினார்கள். புகையுறிஞ்சியும் பொருத்தமான முகக்கவசமும் இல்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது. கூட நிற்கும் செவிலியருக்கும் அந்தப் பாதுகாப்பு உரியது.

இவை எல்லாமே அழிப்பவை. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமிகுயிமோட் களிம்பு சிந்தனையையே மாற்றியது. அது வைரஸையும் கொல்லாது, மருவையும் அரிக்காது. நம் எதிர்ப்புச் செல்களில் டி.எல்.ஆர். 7 என்ற உணர்வான் ஒன்று உண்டு, வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டால் கூக்குரல் எழுப்புவது அதன் வேலை. இமிகுயிமோட் அந்த உணர்வானைத் தூண்டிவிடுகிறது. தோலில் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதம் சுரக்கிறது, டி செல்கள் வந்து சேர்கின்றன, இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்த வைரஸ் அகப்படுகிறது. 5 சதவீதக் களிம்பை வாரத்தில் மூன்று இரவு தடவி, 6 முதல் 10 மணி நேரத்தில் கழுவ வேண்டும். 16 வாரம் வரை தொடரலாம். இடம் சிவந்து எரியும். ஓரளவு சிவப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம், புண்ணானால் சில நாள் நிறுத்த வேண்டும். தொடக்ககால ஆய்வு ஒன்றில் பெண்களில் 72 சதவீதத்தினருக்கு மரு முற்றிலும் மறைந்தது, ஆண்களில் 33 சதவீதத்தினருக்கு மட்டுமே. மெல்லிய ஈரத்தோலில் மருந்து எளிதாக இறங்குவதும், ஆண்குறித் தண்டின் உலர்ந்த தோலில் அது தடைபடுவதும் இதற்கு ஒரு காரணம். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் மருந்தைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டகின் என்ற வேதிப்பொருள்களிலிருந்து செய்த 15 சதவீதக் களிம்புக்கு 2006-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே தாவரச் சாறு என்ற வகையில் மருத்துவர் சீட்டு மருந்தாக அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். நாளுக்கு மூன்று முறை தடவ வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தேயிலையை அரைத்துப் பூச வேண்டாம். வடித்தெடுத்த, அளவு நிறுத்திய பொருள் அது.

எதிர்ப்பைத் தூண்டும் வழியில் நம் நாட்டு முயற்சி ஒன்றும் இருக்கிறது. நோயெதிர்ப்பியல் விஞ்ஞானி ஜி.பி. தல்வாரின் ஆய்வுக்குழு தொழுநோய்த் தடுப்பூசிக்காகக் கண்டெடுத்த ஒரு மைக்கோபாக்டீரியம், அவர் பெயரால் 'இண்டிகஸ் பிராணி' என்று இன்று அழைக்கப்படுகிறது. கொல்லப்பட்ட அந்தக் கிருமியை மருவுக்குள் சிறிதளவு ஊசியால் ஏற்றினால், அங்கே எழும் எதிர்ப்பில் வைரஸும் சேர்ந்து சிக்குகிறது. ஊசி போடாத தூர மருக்களும் சிலருக்கு உதிர்கின்றன. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆய்வுகள் சிறியவை, முதல் தேர்வாகக் கொள்ளும் அளவுக்குச் சான்று சேரவில்லை. பழைய இன்டர்ஃபெரான் ஊசியைக் கிட்டத்தட்ட எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள்.

இத்தனையில் எது சிறந்தது? எந்த ஒன்றும் மற்ற எல்லாவற்றையும்விட மேல் என்று நிறுவப்படவில்லை. மருவின் எண்ணிக்கை, இடம், தடிப்பு, நோயாளியின் வயிற்றில் குழந்தை இருக்கிறதா, வாராவாரம் வர முடியுமா, வீட்டில் தனியறையில் களிம்பு தடவிக்கொள்ள இடம் உண்டா, கையில் காசு இருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் குளியலறைக்கு வெளியே வரிசை நிற்கும் வீட்டுப் பெண்ணுக்கு 16 வாரக் களிம்பைவிட ஒரே நாளில் சுட்டு முடிப்பது உகந்ததாக இருக்கலாம். இதை மருத்துவர் கேட்டறிய வேண்டும். கேட்காவிட்டால் நோயாளி சொல்லிவிட வேண்டும். ஒரு முறையில் சில வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் வேறு முறைக்கு மாறுவது வழக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், சிறுநீரக மாற்றுக்குப் பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து உண்பவர்களுக்கும் மரு கூடுதலாக வரும், பிடிவாதமாக நிற்கும். அவர்களுக்கு நீண்ட பொறுமையும் அடிக்கடி பரிசோதனையும் வேண்டும்.

கர்ப்பத்தில் மரு சில சமயம் வேகமாகப் பெருகும். போடோஃபைலின் வகைகளும் தேயிலைக் களிம்பும் இமிகுயிமோடும் தவிர்க்கப்பட்டு, அமிலம், உறைசிகிச்சை, அறுவை ஆகியவையே மிஞ்சுகின்றன. குழந்தைக்குத் தொற்றும் என்று பயந்து, மரு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்க்க வேண்டியதில்லை. பிறப்பு வழியை அடைக்கும் அளவுக்கு மரு பெரிதாக இருந்தாலோ, பலத்த ரத்தப்போக்கு ஏற்படும் என்றிருந்தாலோதான் அது தேவை. குழந்தையின் குரல்வளையில் மரு வரும் நோய் உண்மைதான், கடினமானதும்கூட. ஆனால் மிக அரிது. பல பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மரு தானாகவே சுருங்கிவிடுகிறது.

கை மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைப்பது, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துப் பூசுவது, குதிரை முடியால் கட்டி வைப்பது எல்லாம் நம் ஊர்களில் காலங்காலமாக நடக்கிறது. கையில் செய்தால் ஒரு தழும்போடு போகலாம். பிறப்புறுப்பின் மெல்லிய தோலில் சுண்ணாம்பு பட்டால் ஆழமான வெந்தபுண் ஆகும். அந்தப் புண்ணோடு வருபவர்களுக்கு முதலில் புண்ணை ஆற்றிவிட்டுத்தான் மருவைத் தொடவே முடியும். காலாணிக்கென மருந்துக் கடையில் விற்கும் சாலிசிலிக் அமிலப் பட்டையும் இங்கே கூடாது. மழிப்பதை நிறுத்துங்கள், கத்தி போகும் வழியெல்லாம் வைரஸை விதைக்கும். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து 'இரகசிய நோய்' பார்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் போவதற்கு எந்த அவசியமும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கெனத் தனி நிலையமே உண்டு. அங்கே இருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள், உங்கள் கதையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

துணைவரிடம் சொல்வதா? சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன், மேலே சொன்ன 8 மாதக் கணக்கையும் சேர்த்து. அவருக்கும் மரு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக. மரு இல்லாத துணைவருக்குச் சிகிச்சை கிடையாது. மரு இருக்கும் வரை உறவைத் தவிர்ப்பதும், பிறகு ஆணுறை அணிவதும் ஆபத்தைக் குறைக்கும். உறை மூடாத தோலிலும் வைரஸ் இருப்பதால் முழுக்கத் தடுக்காது. ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும் தம்பதியர் பெரும்பாலும் வைரஸை ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருப்பார்கள். உடல் வைரஸை அடக்கிவிட்டால், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில், இருவரும் இதை மறந்து வாழலாம்.

வைரஸ் தொற்றுவதையே தடுக்கும் வழி ஆஸ்திரேலியாவில் பிறந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயான் ஃபிரேசரும் ஜியான் ஜோவும் 1991-இல் வைரஸின் மேலோட்டுப் புரதம் தானாகவே கூடி, உள்ளே டி.என்.ஏ. இல்லாத வெற்று உருண்டையாக அமைவதைக் காட்டினார்கள். உடல் அதை வைரஸ் என்றே எண்ணி எதிர்ப்பொருள் செய்துகொள்கிறது. 2006-இல் வந்த நான்குவகைத் தடுப்பூசியில் புற்றுக்கான 16, 18 வகைகளோடு மருவுக்கான 6, 11 வகைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆஸ்திரேலியா 2007-இல் பள்ளிச் சிறுமிகளுக்கு அதை இலவசமாகப் போடத் தொடங்கியது. புற்றுநோய் குறைவதைப் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரு சீக்கிரம் வருவது. ஆகவே பலன் அதில்தான் முதலில் தெரிந்தது. அந்நாட்டுப் பாலியல் நல மையங்களுக்கு முதல்முறை வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் 2007-இல் 11.5 சதவீதத்தினருக்கு மரு இருந்தது. 2011-இல் அது 0.85 சதவீதம். தடுப்பூசி போடப்படாத அதே வயது ஆண்களிலும், பெண்களோடு உறவு கொள்பவர்களிடையே, 12.1-லிருந்து 2.2 சதவீதமாக இறங்கியது. அவர்களுடைய தோழியர் காக்கப்பட்டதால் அவர்களும் தப்பினார்கள். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் மட்டும் அந்தச் சரிவு தென்படவில்லை. 2013-இல் சிறுவர்களுக்கும் தடுப்பூசி தொடங்கியபோது அந்தக் குறையும் கணக்கில் இருந்தது.

இலங்கை 2017-இல் பள்ளிச் சிறுமிகளுக்கான தேசியத் திட்டத்தில் எச்.பி.வி. தடுப்பூசியைச் சேர்த்தது. இந்தியாவில் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2022-இல் அனுமதி பெற்றது. அதிலும் 6, 11, 16, 18 நான்கும் உள்ளன. கருப்பைவாய்ப் புற்றுக்காக மகளுக்கு இந்த ஊசியைப் போடும் பெற்றோர், கேட்காமலேயே மருவிலிருந்தும் அவளைக் காக்கிறார்கள். உடலுறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட வேண்டும் என்பதைச் சொல்லத் தயங்கிக் காலம் கடத்துவது, அந்தப் பாதுகாப்பைப் பாதியாக்கிவிடும்.

வந்துவிட்ட மருவை இந்த ஊசி குணமாக்குமா என்று பிரிட்டனில் சுமார் 500 பேரிடம் பார்த்தார்கள். களிம்போடு தடுப்பூசியும் பெற்றவர்களுக்குச் சற்றே நல்ல முடிவு தெரிந்ததுபோல் இருந்தாலும், 2020-இல் வெளியான அந்த ஆய்வால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதனால் மருவுக்கு மருந்தாக இதை எழுதிக்கொடுப்பதில்லை. மரு வந்த இளைஞரும் இளம்பெண்ணும் தங்களுக்குரிய வயதில் போட்டுக்கொள்ளலாம்: 6-ஆம் வகை ஏற்கெனவே தொற்றியிருந்தாலும், இன்னும் தொற்றாத 16-உம் 18-உம் வராமல் அது தடுக்கும்.